கேட்டோம், விடை கூறினோமா?

"சாமி, போன வருஷம் எங்களையெல்லாம் உட்கார வைத்துக் கேட்டீர்களே, நாங்களும் மனம் விட்டுச் சொன்னோமே. அதெல்லாம் எங்கே போச்சு?"

2023 ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்து ஆலயப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்த நம்மை நிறுத்தி இவ்வாறு வினவியவர் ஓர் எளிய தாய். திருவண்ணாமலையின் பெரிய கோவில் வீதியில் பூக்கட்டி விற்றுத் தம் பிள்ளைகளை ஆளாக்கியவர். எழுதப் படிக்க அதிகம் அறியாதவர். நாம் சற்றே தடுமாறி, "அதையெல்லாம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது அம்மா, அங்கிருந்து ரோமைக்கும் போயிருக்கும்" என்று கூறி நகர முற்பட்டோம். அத்தாய் விடவில்லை.

"ரோமைக்குப் போனது சரி சாமி. நம்ம கோவிலுக்கு எப்போ திரும்பி வரும்?"

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் நாம் கற்ற இறையியல் நூல்கள் எதுவும் எழுப்பாத வினாவை ஒரு பூக்காரத் தாய் எழுப்பிவிட்டார். மக்களின் கருத்தைக் கேட்பது பற்றித் திருச்சபையில் இன்று எவ்வளவோ பேசப்படுகின்றது. கேட்டபின் செய்ய வேண்டுவது யாது என்பது பற்றியே இம்மாதம் நம் குடும்பங்களோடு சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

உலகெங்கும் எழுந்த ஒரு வினா

முதலில் நிகழ்ந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். திருச்சபை எவ்வாறு ஒன்றாக வழிநடக்கின்றது, எவ்வாறு முடிவெடுக்கின்றது, யாருடைய குரல் கேட்கப்படாமல் போகின்றது என்பவற்றை ஆராய, திருத்தந்தை பிரான்சிஸ் 2021 அக்டோபரில் ஆயர் மாமன்றத்தின் பணியைத் தொடங்கி வைத்தார். வழக்கமான மாமன்றங்கள் ஆயர்களின் கூட்டத்தோடு தொடங்கும். இம்முறையோ அது பங்குகளிலிருந்து தொடங்கிற்று. 2021 அக்டோபர் 17 ஆம் நாள் உலகெங்கும் மறைமாவட்டங்களில் அதற்கான தொடக்கம் நிகழ்ந்தது. பங்குகளின் கருத்துகள் மறைமாவட்டத்திலும், பின்னர் நாட்டின் ஆயர் பேரவையிலும் தொகுக்கப்பட்டு உரோமை சென்றன. உலகிலுள்ள 114 ஆயர் பேரவைகளுள் 112 பேரவைகள் தொகுப்பறிக்கை அனுப்பின என்பது சிறிய செய்தியன்று.

நம் வேலூர் மறைமாவட்டத்தில் அக்காலம் சற்றே கடினமான காலம். ஆயர் சௌந்தரராஜ் பெரியநாயகம் ஆண்டகை 2020 மார்ச் 21 ஆம் நாள் இறைவனடி சேர்ந்திருந்தார். புதிய ஆயராக அம்புரோஸ் பிச்சைமுத்து ஆண்டகை நியமிக்கப்பட்டது 2022 டிசம்பரில்தான். ஆக, மக்களின் கருத்து கேட்கப்பட்ட அம்மாதங்களில் நமக்கு ஆயரில்லை. மேய்ப்பர் இல்லாத வேளையிலும் மந்தை பேசிற்று; அதைக் கேட்கும் பொறுப்பு நம் போன்ற பங்குக் குருக்கள் மேல் முழுதும் விழுந்தது. அதை நாம் எவ்வாறு நிறைவேற்றினோம் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இது புதுமையா?

"சாமியார்கள் சொல்வார்கள், மக்கள் கேட்பார்கள், இதுதானே நம் மதம்? இதென்ன புது வழக்கம்?" என்று முதியவர் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. அவர்களுடைய பக்தியை மதிக்கின்றோம். ஆயினும், இது புது வழக்கமன்று.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பந்தியில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறையிட்டனர். திருத்தூதர்கள் அம்முறையீட்டை முணுமுணுப்பு என்று ஒதுக்கவில்லை. சீடர் அனைவரையும் கூட்டினர். ஆட்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டனர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவர் மேல் கைகளை வைத்து இறைவேண்டல் செய்தனர். முறையீடு, கூட்டம், தெரிவு, அதிகாரபூர்வமான நியமனம் என்னும் நான்கும் அச்சிறு பகுதியில் அடங்கியுள்ளன. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர் ஆயராயிருந்த புனித சிப்பிரியான், தம் குருக்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றி எதையும் தனித்துச் செய்வதில்லை எனத் தாம் ஆயரான நாள்தொட்டுத் தீர்மானித்ததாக எழுதியுள்ளார். ஆறாம் நூற்றாண்டின் புனித ஆசீர்வாதப்பரோ, மடத்தில் முக்கியக் காரியம் வரும்போது அனைவரையும் கூட்டிக் கேட்க வேண்டுமென்றும், ஆண்டவர் பலமுறை இளையவருக்கே நல்லதை வெளிப்படுத்துகின்றார் என்றும் தம் சபை ஒழுங்கில் விதித்தார்.

நம் மண்ணுக்கு வருவோம். 1844 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புதுவை மறைபரப்புத் தளத்தின் தலைவராயிருந்த ஆயர் பொன்னாந்து ஆண்டகை தம் குருக்களைப் புதுச்சேரியில் கூட்டினார். நம் சேத்துப்பட்டில் பின்னாளில் உழைத்த தாரஸ் அடிகளாரும் அதே பணித்தளத்தின் குருவே. உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது, பள்ளிகளை வளர்ப்பது ஆகியவற்றுக்கு அச்சங்கம் புது ஊக்கம் தந்தது. அங்கே கேட்கப்பட்டது குருக்களின் குரல் மட்டுமே. ஆயினும் அது ஒரு தொடக்கம்.

1962 முதல் 1965 வரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடைபெற்றது. திருச்சபையை இறைமக்கள் என்று அது வரையறுத்தது. அதன் ஒளியில் 1969 மே மாதம் பெங்களூரில் இந்தியத் திருச்சபையின் பெருங்கருத்தரங்கு கூடிற்று. ஆயர், குருக்கள், துறவியர் ஆகியோரோடு பொதுநிலையினரும் அதில் அமர்ந்தனர். அதற்கு முன்னரே நாட்டின் பல பகுதிகளில் ஆயத்தக் கருத்தரங்குகள் நிகழ்ந்தன. அம்முயற்சியில் முன்நின்று உழைத்தவர்களுள் ஒருவர், நம் அண்டைத் தென்னார்க்காட்டு மண்ணின் மைந்தர் அமலோர்பவதாஸ் அடிகளார் என்பது நமக்குப் பெருமை.

1844 இல் குருக்கள்; 1969 இல் தெரிந்தெடுக்கப்பட்ட பொதுநிலையினர்; 2021 இல் பூக்கட்டும் தாயும் உட்பட ஒவ்வொரு பங்கின் மக்களும். கேட்கப்படுவோரின் வட்டம் இவ்வாறு விரிந்து வந்துள்ளது. வட்டம் விரிய விரிய, விடை கூற வேண்டிய கடனும் பெருகுகின்றது என்பதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

நம் குற்றத்தை நாமே கூறுவோம்

2022 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் நம் பங்கிலும் கிளைக் கிராமங்களிலும் கூட்டங்கள் நடத்தினோம். முதற்கூட்டத்தில் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றி நாமே நாற்பது நிமிடம் பேசினோம்! பேசி முடித்து, "இனி நீங்கள் சொல்லுங்கள்" என்றபோது, ஆலயத்தில் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது. உபதேசியார்தாம் நம் காதருகே வந்து, "சாமி, நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் பேசுவார்கள்" என்றார். தள்ளி உட்கார்ந்தோம். பேசினார்கள்.

என்ன பேசினார்கள்? இறையியல் நுட்பங்களை அன்று. ஒருவர், "திருவிழாவுக்கு வரி கொடுக்கிறோம், வரவு செலவை ஒரு தாளில் எழுதிக் கோவில் கதவில் ஒட்டினால் என்ன?" என்றார். ஒரு பெண்மணி, "கோவிலைக் கூட்டவும் பூ வைக்கவும் எங்களைக் கூப்பிடுகிறீர்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லையே" என்றார். கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர், "முடிவெடுத்த பிறகு கூட்டம் போடுகிறீர்கள், முடிவெடுப்பதற்கு முன் ஒரு முறையாவது கூட்டம் போடுங்கள் ஃபாதர்" என்றார். கிளைக் கிராமமொன்றில் முதியவர் ஒருவர் எழுந்தார். குரல் நடுங்க, "எங்கள் தெருவுக்கு மாதா தேர் வந்து நான் பார்த்ததே இல்லை சாமி" என்று ஒரே ஒரு வாக்கியம் கூறி அமர்ந்தார். எந்தத் தெரு, ஏன் தேர் வருவதில்லை என்பதை அங்கிருந்த எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பின்னர் அறிக்கை எழுத அமர்ந்தோம். அங்கேதான் நம் குற்றம் நிகழ்ந்தது. 'கணக்கை ஒட்டுங்கள்' என்ற சொல், 'நிதி நிர்வாகத்தில் வெளிப்படைத் தன்மை பற்றிய எதிர்பார்ப்பு காணப்படுகின்றது' என்றாயிற்று. 'கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை' என்ற முறையீடு, 'பெண்களின் பங்கேற்பு மேலும் ஊக்குவிக்கப்படலாம்' என்றாயிற்று. அம்முதியவரின் கண்ணீரோ, 'சமூக ஒருங்கிணைப்பில் சில இடர்ப்பாடுகள்' என்று உருமாறிற்று. பொய் எதுவும் எழுதவில்லை. ஆனால் உண்மையின் கூர்மையைத் தேய்த்துவிட்டோம். குருமடப் பயிற்சி தந்த நல்ல நடையே அன்று திரையாக அமைந்தது. மேலிடம் மனம் வருந்தக் கூடாது, நம் பங்கின் பெயர் கெடக் கூடாது என்ற எண்ணமும் உள்ளே இருந்தது என்பதை மறைப்பானேன்?

அறிக்கையை அனுப்பியதும் பணி முடிந்ததெனக் கருதினோம். ஓராண்டாக மக்களுக்கு ஒரு சொல்லும் கூறவில்லை. பூக்காரத் தாயின் வினா ஏன் நம்மை உறுத்திற்று என்பது இப்போது விளங்கும்.

சட்டம் என்ன கூறுகின்றது?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். திருச்சபை மக்களாட்சியா? பெரும்பான்மை வாக்கால் எல்லாம் முடிவாகுமா? அன்று. நம் விசுவாசம் வாக்கெடுப்பால் வந்ததன்று. கிறிஸ்துவிடமிருந்து திருத்தூதர் வழியாக வந்தது. ஆயரின் பணியும் குருவின் பணியும் திருநிலைப்பாட்டால் வருவன. ஆனால் ஆளும் அதிகாரம் இருப்பதாலேயே கேட்கும் கடன் நீங்கிவிடுவதில்லை.

1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பை நம் குடும்பங்களில் எத்தனை பேர் அறிவர்? அதன் 212 ஆம் எண், திருச்சபையின் நலனைப் பற்றித் தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு என்றும், சில வேளைகளில் அது கடமையே என்றும் கூறுகின்றது. 537 ஆம் எண்ணின்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும்; அது விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் அணிகலன் அன்று. 1287 ஆம் எண், மக்கள் அளித்த காணிக்கைகளைக் குறித்து மக்களுக்கே கணக்குக் கூற வேண்டுமென்றும், அதன் முறையை அந்தந்த இடத்துச் சட்டம் வகுக்க வேண்டுமென்றும் பணிக்கின்றது. பங்குப் பேரவை பற்றிய 536 ஆம் எண்ணோ, அப்பேரவையை அமைப்பதை ஆயரின் தீர்ப்புக்கு விடுகின்றது. பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமையை மட்டுமே அளிக்கின்றது. ஆக, கதவில் கணக்கு ஒட்டச் சொன்ன அந்த விசுவாசி கலகக்காரரல்லர். தாம் அறியாமலே சட்டத்தை நமக்கு நினைவூட்டியவர்.

கணக்குக் காட்டுவது தமிழருக்கு அந்நிய வழக்கமும் அன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இன்றும் உள்ளது. ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை வழியே ஆட்களைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறும் அக்கல்வெட்டு, முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிந்தெடுக்கத் தகாதவர் என்று விதிக்கின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர் ஏரிக்கும் தோட்டத்துக்கும் இருந்த ஒழுங்கு, ஆண்டவரின் இல்லத்துக்கு வேண்டாமா?

ரோமையிலிருந்து வந்த விடை

மாமன்றத்தின் அமர்வுகள் 2023 அக்டோபரிலும் 2024 அக்டோபரிலும் வத்திக்கானில் நடைபெற்றன. ஆயரல்லாதவர்களும், அவர்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களும் வாக்களிக்கும் உரிமையோடு அமர்ந்தனர்; ஆயர் மாமன்றத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது அதுவே முதன்முறை. 2024 அக்டோபர் 26 ஆம் நாள் நிறைவேறிய இறுதி ஏட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்று, தாம் தனியே மடல் எழுதாமல், அதனையே வெளியிடச் செய்தார். பங்கு, மறைமாவட்டப் பேரவைகள் கட்டாயமாக்கப்பட வேண்டும். நிதியறிக்கை ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். பொறுப்பிலிருப்போரின் பணி காலந்தோறும் மதிப்பிடப்பட வேண்டும் என்று அது வற்புறுத்துகின்றது. முறையாகக் கலந்தாய்ந்து மக்கள் கண்டடைந்த திசையை, முடிவெடுக்கும் அதிகாரி கண்டுகொள்ளாமல் விட்டுவிட இயலாது என்றும் கூறுகின்றது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ இப்பணி தொடர வேண்டுமென விரும்புகின்றார். 2028 அக்டோபரில் இதன் பலனை ஆராயத் திருச்சபைப் பேரவை கூடுமென அறிவிக்கப்பட்டுள்ளது. ஆக, 'எப்போ திரும்பி வரும்?' என்ற வினாவுக்கு ரோமை தன் பங்கு விடையைத் தந்துவிட்டது. எஞ்சியிருப்பது நம் பங்கு விடை.

கதவில் ஒட்டிய தாள்

அத்தாயின் வினாவுக்குப்பின் நாம் செய்தது பெரிய காரியமன்று. பழைய குறிப்பேட்டை எடுத்தோம். மக்கள் கூறியவற்றை அவர்களுடைய சொற்களிலேயே ஒரு பெரிய தாளில் எழுதி மூன்று பத்தியாகப் பிரித்தோம். முதற்பத்தி: 'செய்வோம்; இன்ன மாதத்துக்குள்.' இரண்டாம் பத்தி: 'செய்ய இயலாது, காரணம் இது.' மூன்றாம் பத்தி: 'இன்னும் முடிவாகவில்லை, பேசுவோம்.' அத்தாளை ஆலயக் கதவில் ஒட்டினோம்.

கணக்கு முதற்பத்தியில் சேர்ந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒட்டப்படுகின்றது. ஒட்டிய முதல் முறை ஒரு கூட்டற்பிழையை ஒரு சிறுவன் கண்டுபிடித்தான், வெட்கத்தோடு திருத்தினோம்! பேரவையில் பெண்களின் எண்ணிக்கை சமமாயிற்று. பங்குக் குருவை மக்களே வாக்களித்துத் தெரிந்தெடுக்க வேண்டுமென ஒருவர் கேட்டிருந்தார். அது இரண்டாம் பத்தியில் சென்றது. நியமனம் ஆயருக்குரியது என்ற காரணத்தையும் எழுதினோம். அவர் கோபிப்பார் என்று எண்ணினோம். மாறாக, "இல்லை என்பதைக்கூடக் காரணத்தோடு சொன்னால் போதும் ஃபாதர்" என்றார். மறுப்பைவிட மௌனமே மக்களை அதிகம் புண்படுத்துகின்றது என்பதை அன்று கற்றோம்.

தேர்? அது மூன்றாம் பத்தியில் நெடுநாள் நின்றது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நம் நாட்டுக் கத்தோலிக்கர் ஏறத்தாழ 1.9 கோடிப் பேருள் 1.2 கோடிப் பேர் தலித் மக்கள் என்று கூறி, திருச்சபைக்குள்ளேயே சாதி வேற்றுமை நிலவுவதை மனம் வருந்தி ஏற்றது. அக்கொள்கையைக் கிராமத்தில் வாசித்துக் காட்டினோம். பல இரவுகள் பேசினோம். சென்ற ஆண்டுத் திருவிழாவில் தேர் அம்முதியவரின் தெருவுக்குச் சென்றது. அவர் வாசலில் மெழுகுதிரியோடு நின்றார், ஒன்றும் பேசவில்லை. ஆனால் நெடுங்காலம் திருவிழாவை முன்நின்று நடத்திய இரு குடும்பங்கள் அன்று தேரின் பின்னே வரவில்லை. அவர்களும் நம் மக்களே. அவர்கள் வீட்டுக்கும் சென்றோம், இன்னும் சென்றுகொண்டிருக்கின்றோம். கேட்பது என்றால் நமக்கு இனியவற்றை மட்டும் கேட்பதன்று அல்லவா?

சேர்ந்து நடப்போர்

பௌர்ணமிதோறும் நம் ஊரில் பல்லாயிரம் பேர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து செல்வதை நாம் காண்கின்றோம். வேறு சமயத்தவரின் பக்தி அது, மதிப்போடு நோக்குகின்றோம். முதியவரும் குழந்தையைத் தோளில் சுமந்தவரும் அப்பாதையில் உண்டு. வேகமாக நடப்பவர், தம் குடும்பத்தில் பின்தங்கியவருக்காக ஓரிடத்தில் நின்று காத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கின்றோம். மாமன்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் 'சேர்ந்து வழிநடத்தல்' என்பதே பொருள். சேர்ந்து நடப்பவர், முன்னே செல்பவர் பின்னே வருபவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். முன்னே நடப்பவர் நாமாயின், நம் கழுத்து திரும்பப் பழக வேண்டும்.

அன்புக் குடும்பங்களே, உங்கள் பங்குக் குரு கேட்கட்டும் என்று மட்டும் காத்திராதீர்கள். வீடும் ஒரு சிறு திருச்சபை எனச் சங்கம் கற்பித்துள்ளது. இம்மாதம் ஒரு நாள், மாலைச் செபமாலை முடிந்தபின், வீட்டார் அனைவரும் அமர்ந்து இம்மூன்றையும் பேசிப் பாருங்கள். நம் வீட்டில் முடிவெடுக்கும்போது யாருடைய கருத்தை நாம் கேட்பதே இல்லை? கேட்டும் விடை கூறாமல் விட்டது எது? நம் பங்கின் நலனுக்காகக் குருவிடம் கூற வேண்டியதை எந்த அச்சத்தால் கூறாமல் இருக்கின்றோம்?

அப்பூக்காரத் தாய் இப்போது நம் பங்குப் பேரவையின் உறுப்பினர். கூட்டத்தில் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டமும் செபத்தோடு தொடங்கியவுடன், சென்ற கூட்டத்தில் பேசியவை என்னவாயின என்று அவர் கேட்கின்றார். அதற்கு விடை கூறிய பின்னரே நாம் அடுத்த பொருளுக்குச் செல்கின்றோம்.